முதலில் பிரிட்ஜ், பிறகு மரம்

எலெக்ட்ரிக் கிடார் ஒன்றைச் சொந்தக் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் மரத்தைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். மஹோகனியா, ஆல்டரா, தேக்கில் செய்தால் தோள் தாங்குமா என்று போகும். அடுத்து நிறம், அதற்கடுத்து பிக்கப். "விப்ராட்டோ பார் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டால், "அதைக் கடைசில மாட்டிக்கலாம் சார், நாலு ஸ்குரூ தானே" என்று பதில் வரும்.

நாலு ஸ்குரூ சமாசாரம் இல்லை அது. நெக் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும், பாடி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும், அதன் முதுகில் எவ்வளவு குடைய வேண்டும், நட் எந்த வகை, கிடாரின் தலை எந்த வடிவம் என்று எல்லாவற்றிலும் அது தலையிடும். அதனால் மரத்தில் ரம்பம் படுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இரண்டாவது டீக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பொருள் செய்கிற வேலையிலிருந்து தொடங்கலாம். கம்பியின் இழுவை கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் காட்டுவதும் கிடாரில் பெண்ட் செய்வதும் இந்த ஒரே விதியில்தான். ஆனால் விரலால் இழுத்துச் சுருதியை ஏற்றத்தான் முடியும். பிடித்திருக்கும் ஸ்வரத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. விப்ராட்டோ பாரை அழுத்தினால் ஆறு கம்பிகளும் ஒருசேரத் தளர்ந்து இறங்கும். கையை எடுத்தால் ஆறும் பழைய சுருதிக்குத் திரும்ப வேண்டும். இறக்குவது சுலபம். திரும்ப வைப்பதில்தான் எண்பது தொண்ணூறு வருடமாகப் பலரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடைப் பட்டியல்களில் இதை ட்ரெமொலோ என்று போட்டிருப்பார்கள்; பொருள் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

தராசும் அதன் தொல்லைகளும்

648 மில்லிமீட்டர் ஸ்கேல் உள்ள கிடாரில், அதாவது ஃபெண்டர் வழக்கமான 25½ அங்குலத்தில், 10–46 அளவுக் கம்பிகளைக் கட்டிச் சுருதி சேர்த்தால் ஆறும் சேர்ந்து சுமார் 47 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். மெல்லிய 9–42 என்றால் சுமார் 39 கிலோ. சாதாரண பிரிட்ஜ் மரத்தில் திருகப்பட்டு அசையாமல் இருப்பதால் இந்த இழுவையைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. விப்ராட்டோ பிரிட்ஜ் அப்படி இல்லை. பெரும்பாலான வகைகளில் அது ஒரு விளிம்பின் மேல் சாய்ந்து நிற்கிறது. மேலே கம்பிகள் ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கின்றன, அடியில் ஸ்பிரிங்குகள் மறுபக்கம் சாய்க்கப் பார்க்கின்றன. இரண்டும் சமமாகிற இடத்தில் நிற்கிற தராசு அது.

தராசு என்று புரிந்துகொண்டால் மற்ற தொல்லைகளெல்லாம் தாமாகவே விளங்கும். ஒரு கம்பியை பெண்ட் செய்தால் அந்தப் பக்கம் கனம் கூடி பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்து கம்பிகளும் லேசாக இறங்குகின்றன. வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் கை ஓங்கி, மிச்சமுள்ள ஐந்தும் ஏறிவிடும். பாட்டுக்கு நடுவே அதைச் சமாளிக்க முடியாது. உள்ளங்கையை பிரிட்ஜில் ஊன்றி அடக்கி வாசிக்கும் பழக்கம் உள்ளவர் கொஞ்சம் அழுத்தினாலும் சுருதி ஏறும். தடித்த ஆறாவது கம்பியை மட்டும் ஒரு முழுச்சுரம் இறக்கி வாசிக்க நினைத்தால், அதை இறக்கியதும் மற்றவை ஏறும். அவற்றைச் சரிசெய்தால் இது மறுபடி நகரும்.

இதற்கு ஒரு நடுவழி உண்டு. ஸ்பிரிங்குகளை இறுக்கி, பிரிட்ஜின் தட்டு பாடியின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும்படி வைத்துவிடலாம். அப்போது பாரை அழுத்தி இறக்க மட்டுமே முடியும், மேலே இழுக்க முடியாது. பதிலாக, பெண்ட் செய்யும்போதும் கம்பி அறுந்தாலும் பிரிட்ஜ் அவ்வளவு சுலபமாக அசையாது. மிதக்கவிடுவதா, ஒட்டவைப்பதா என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாரை அழுத்தும்போது ஆறு கம்பிகளும் ஒரே அளவில் இறங்குவதில்லை. பிரிட்ஜ் நகர்கிற தூரம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு இழுவை மாறும் என்பது உள்ளிருக்கும் எஃகின் தடிமனைப் பொறுத்தது. சுற்றுக்கம்பிகளில் இழுவையைத் தாங்குவது நடுவே உள்ள மெல்லிய எஃகு மட்டுமே. சுற்றில்லாத மூன்றாவது கம்பி, அதாவது ஜி, முழுக்க எஃகு, தடிமனும் அதிகம். அதனால் அதுதான் மற்றவற்றைவிட வேகமாக இறங்கும், வேகமாக ஏறும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை நிதானமாக அமைத்து, பாரை மேலே இழுத்தால் மூன்றாவது கம்பி மூன்று அரைச்சுரம், இரண்டாவது இரண்டு, முதலாவது ஒன்று என்று ஏறும்படி வைத்துக்கொள்ளும் கலைஞர்கள் உண்டு. ஒரு முழு கார்டைப் பிடித்துக்கொண்டு பாரை ஆழமாக அழுத்தினால் அது கார்டாகவே இருக்காது என்பதற்கும் இதுதான் காரணம். இதைச் சமன்செய்ய 1980-களில் நெட் ஸ்டைன்பெர்கர் ட்ரான்ஸ்ட்ரெம் என்ற ஒன்றைச் செய்தார். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் நகரும் தூரம் தனித்தனி. கார்டு கலையாமல் அப்படியே ஏறும், இறங்கும். அருமையான இயந்திரம்தான், ஆனால் முதல் கிடார் செய்கிறவர் தேடிப்போக வேண்டிய பொருள் இல்லை.

குற்றவாளி பெரும்பாலும் பிரிட்ஜ் இல்லை

"விப்ராட்டோ வச்சா சுருதி நிக்காது" என்ற பேச்சு எல்லா இடத்திலும் இருக்கிறது. நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் கிடாரின் மறுமுனையில் இருக்கிறது. பாரை அழுத்தும்போது கம்பி தளர்ந்து, நெக்கின் தலைப்பக்க முனையில் அது அமரும் நட்டின் பள்ளத்தில் ஒரு இழை அளவு ட்யூனர் பக்கம் நகர்கிறது. கையை எடுத்ததும் அதே இழை அளவு திரும்பி வர வேண்டும். பள்ளம் இறுக்கமாக இருந்தால் வராது.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். சுருதி சேர்க்கும்போது ட்யூனரை மெதுவாகத் திருப்புங்கள். சுருதி அசையாமல் நின்று, திடீரென்று "டிங்" என்ற ஒரு சின்னச் சத்தத்தோடு தாவினால், கம்பி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பிறகு விடுபட்டது என்று அர்த்தம். ட்யூனிங் மீட்டரும் ஒரு துப்புக் கொடுக்கும். பாரை அழுத்தி விட்டபின் ஒரு கம்பியின் சுருதி கூடியிருந்தால், அது நட்டுக்குப் பின்னால் போய்த் திரும்பாமல் நின்றுவிட்டது. அதே கம்பியை பெண்ட் செய்து விட்டபின் சுருதி குறைந்திருந்தால், இந்தமுறை முன்னால் வந்து மாட்டிக்கொண்டது. இரண்டும் மாறிமாறி நடந்தால் சந்தேகமே வேண்டாம், நட்டைத்தான் பார்க்க வேண்டும். பள்ளத்தைக் கம்பியைவிடச் சற்றே அகலமாக அராவி, அடியை வழவழப்பாக்கி, பென்சில் முனையைச் சுரண்டிய தூளை அதில் தடவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இங்கேதான் கிடாரின் தலை வடிவமும் கணக்குக்குள் வருகிறது. பக்கத்துக்கு மூன்று ட்யூனர் வைத்த கிப்ஸன் பாணித் தலையில், நட்டைத் தாண்டியதும் மூன்றாவது, நான்காவது கம்பிகள் வெளிப்பக்கம் திரும்பி ஓடுகின்றன. அந்தத் திருப்பத்தில் உராய்வு அதிகம். ஆறும் ஒரே பக்கம் உள்ள ஃபெண்டர் பாணித் தலையில் கம்பி நேராகப் போகும். ஆனால் அந்தத் தலை பின்னால் சாயாமல் தட்டையாக இருப்பதால், மெல்லிய கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் கொக்கி வேண்டியிருக்கிறது. அந்தக் கொக்கியும் உராயும். நட்டிலிருந்து தூரம் போகப்போக உயரம் குறைகிற ட்யூனர்களைப் போட்டால் கொக்கியைத் தவிர்க்கலாம். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனர்கள் சுற்றுகளைக் குறைத்துவிடும். தளர்ந்து இறுகச் சுற்று இல்லையென்றால் ஒரு கவலை குறைவு. ஆக, பாரை அடிக்கடி ஆட்டப்போகிறீர்கள் என்றால் தலையை வரையும்போதே கம்பி நட்டிலிருந்து ட்யூனர்வரை நேர்கோட்டில் போகும்படி வரைந்துவிடுங்கள்.

நான்கு குடும்பங்கள்

சந்தையில் பெயர்கள் ஏராளம். ஆனால் வேலை செய்கிற விதத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றை நான்கு குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம். கதையில் பெரும்பகுதி தெற்குக் கலிபோர்னியாவில், ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்த பட்டறைகளில் நடந்தது.

1930-களில் டாக் காஃப்மன் என்பவர் செய்த வைப்ரோலாவை ரிக்கன்பேக்கர் தன் கிடார்களில் பொருத்தியது. 1937-இல் பாரே இல்லாமல் மோட்டாரால் ஆடும் ஒரு கிடார்கூட வந்தது. கனம் தாங்காமல் அதற்கு ஒரு தாங்கி தேவைப்பட்டது. நாட்டுப்புற கிடார் மேதை மெர்ல் டிராவிஸிடம் ஒரு காஃப்மன் வைப்ரோலா இருந்தது. சுருதி நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள் இயந்திர வேலையில் கைதேர்ந்த பால் பிக்ஸ்பியிடம் அதைச் சரிசெய்யக் கொடுத்தார். பிக்ஸ்பி புதிதாகவே ஒன்றைச் செய்துவிட்டார். 1950-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அதன் அடிப்படை மாறவில்லை.

இந்த பிக்ஸ்பிதான் முதல் குடும்பம். இதில் பிரிட்ஜ் தனி, விப்ராட்டோ தனி. கம்பிகள் பிரிட்ஜைத் தாண்டிப் பின்னால் போய் ஓர் உருளையில் சுற்றிக்கொள்கின்றன. பாரை அழுத்தினால் உருளை சுழலும். பாரின் அடியில் உள்ள கட்டையான ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். ஓர் அரைச்சுரம், மிஞ்சினால் ஒரு முழுச்சுரம் இறங்கும். பிடித்த கார்டின் முடிவில் லேசாக ஒரு நடுக்கம் கொடுக்க இதைவிட நல்லது இல்லை. அதற்கு மேல் கேட்டால் கொடுக்காது. கட்டுகிறவருக்கு இதில் பெரிய வசதி, பாடியைத் துளைத்துக் குடைய வேண்டியதில்லை, மேலே வைத்துத் திருகினால் போதும். தட்டையான சாலிட் பாடிக்கு பி5, மேல்பலகை வளைந்த லெஸ் பால் வகைக்கு பி7, உள்ளே கூடான ஆர்ச்டாப்புக்கு பி6 என்று மாதிரிகள் பிரிகின்றன. பி5, பி7 இரண்டிலும் கம்பியைக் கீழே அழுத்த இன்னொரு தண்டு உண்டு. அதனால் பிரிட்ஜில் கம்பி செங்குத்தாக மடங்கி உராய்வு கூடும். கம்பி அமரும் சேடில் உருளும்படி செய்த பிரிட்ஜ் அங்கே உதவும். கம்பி மாற்றுவது தனி வித்தை. கம்பியின் முனையில் உள்ள வளையத்தை உருளையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு முளையில் மாட்டி, அது நழுவாமல் ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மறுகையால் ட்யூனரைத் திருப்ப வேண்டும். கம்பியின் நுனியை முன்கூட்டியே வளைத்து வைத்துக்கொண்டால் மூன்றாவது கை தேவைப்படாது.

இரண்டாவது குடும்பம் 1954-இல் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருடையது. இதில் சேடில்களும் கம்பியின் கடைசி முனையும் ஒரே தட்டில் சேர்ந்தே ஆடுகின்றன. தட்டின் அடியில் கனமான எஃகுக் கட்டி ஒன்று பாடியின் துளைக்குள் இறங்குகிறது. கம்பிகள் அதன் வழியாக முதுகுப்புறத்திலிருந்து ஏறி வருகின்றன. அந்தக் கட்டியை முதுகில் உள்ள ஸ்பிரிங்குகள் இழுத்துப் பிடிக்கின்றன. ஐந்து ஸ்பிரிங் போட இடம் உண்டு, மூன்றோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பழைய வடிவம் ஆறு திருகுகளின் மேல் சாயும். 1980-களின் பிற்பாதியில் ஃபெண்டர் இரண்டு தூண்களின் மேல் சாயும் வடிவத்துக்கு மாறியது. ஆறு திருகு வகையைப் பொருத்துகிறவர்கள் இரு ஓரத் திருகுகளை மட்டும் தட்டைத் தொடவிட்டு, நடு நான்கையும் ஒரு இழை உயர்த்தி வைத்தால் ஆட்டம் சுத்தமாக இருக்கும். 1969-இல் வுட்ஸ்டாக்கில் ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் குண்டு விழும் ஓசையாக மாற்றியது இந்தப் பாரை வைத்துத்தான். விரல் நுனியால் தொட்டு, பாடகரின் குரல் மாதிரி ஸ்வரங்களை வழுக்க வைத்த ஜெஃப் பெக்கும் இதையேதான் மிதக்கவிட்டு வாசித்தார்.

மூன்றாவது, அதே லியோ ஃபெண்டர் 1958-இல் ஜாஸ்மாஸ்டருக்காகச் செய்தது. பிரிட்ஜ் தனியாக முன்னும் பின்னும் ஆடும். வால்பகுதி ஓர் உலோகத் தகட்டின் அடியில், மேல்பலகையில் குடைந்த குழியில் உட்காரும். ஒரு கம்பி அறுந்தால் மற்றவை ஏறாமல் தடுக்க ஒரு பூட்டுப் பொத்தானும் உண்டு. பிக்ஸ்பியைவிட ஆழமாகவும் ஸ்ட்ராட்டைவிட மென்மையாகவும் ஆடும். கலிபோர்னியாவின் சர்ஃப் இசை இதோடு வளர்ந்தது. பின்னாளில் மை ப்ளடி வேலண்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் பாரைக் கையில் பிடித்தபடியே ஸ்ட்ரம் செய்து கடல் அலைபோல ஒரு ஒலியை இதில்தான் எடுத்தார். இதன் பலவீனம், பிரிட்ஜுக்குப் பின்னால் கம்பி ஏறக்குறைய தட்டையாகப் போவது. அந்தக் காலத் தடித்த கம்பிகளுக்கு அது பொருந்தியது. இன்றைய மெல்லிய கம்பிகள் சேடிலின் பள்ளத்தை விட்டுத் துள்ளும், ரீங்கரிக்கும். நெக்கைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பிரிட்ஜை உயர்த்தினால் அது குறையும். அதாவது இங்கேயும் முடிவு நெக்கில் போய் நிற்கிறது.

நான்காவது, ஃப்ளாயிட் ரோஸ். ஹெண்ட்ரிக்ஸைக் கேட்டு வளர்ந்த ஃப்ளாயிட் ரோஸ் என்ற கிடார் கலைஞர் 1970-களின் பிற்பாதியில் செய்தது. 1979-இல் காப்புரிமை கிடைத்தது. கம்பி நட்டில் வழுக்கித் திரும்புவதுதானே பிரச்சினை, வழுக்கவே விடாதே என்பது அவருடைய யோசனை. கம்பியை நட்டில் உலோகக் கட்டைகளால் கவ்வி, மறுமுனையில் சேடிலிலும் கவ்விவிட்டார். நட்டைப் பூட்டியபின் ட்யூனரைத் திருப்பிப் பயனில்லை என்பதால் பிரிட்ஜிலேயே சின்ன நுண்திருகுகள் பின்னர் வந்தன. எடி வான் ஹேலன் இதை எடுத்துக்கொண்டபின் 1980-களின் ராக் கிடார் முகமே மாறியது. கம்பிகள் தொங்கிப்போய் பிக்கப்பில் ஒட்டும்வரை இறக்கி, கையை எடுத்தால் சுருதி அப்படியே திரும்பும். கட்டுகிறவருக்கு வேலை அதிகம். பாடியில் துளை, முதுகில் ஸ்பிரிங் குழி, மேலே இழுக்கவும் வேண்டுமென்றால் தட்டுக்குப் பின்னால் இன்னொரு பள்ளம். நட்டுக்கு நெக்கின் மிக மெலிந்த இடத்தில் மரத்தை வெட்டி மேடை அமைக்க வேண்டும். கம்பி மாற்ற முனை வளையத்தை நறுக்கி, ஹெக்ஸ் சாவியோடு உட்கார வேண்டும். தூண்களில் சாயும் கத்தி விளிம்புதான் இதன் உயிர். மலிவான உலோகத்தில் செய்தவற்றில் அந்த விளிம்பு சீக்கிரம் மழுங்கும், மழுங்கினால் திரும்பி வருவது போய்விடும். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

இதே தலைமுறையில் வந்த காஹ்லர் விளிம்பில் சாயாமல், பேரிங்கில் சுழலும் ஒரு கேமால் கம்பியை விடுகிறது. பாடியை முழுக்கத் துளைக்க வேண்டாம், மேலிருந்து குடைந்தால் போதும். முதுகில் குழி வேண்டாம், ஆனால் நிறைய இறக்க வேண்டும் என்கிறவர் பார்க்க வேண்டியது இதை.

வெர்னியரைக் கையில் எடுப்போம்

பொருள் கையில் வந்தபின்தான் வரைபடம் போட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுகள் ஏறக்குறைய சரியாக இருக்கும். ரூட்டருக்கு ஏறக்குறைய என்பது போதாது. அளக்க வேண்டியவை இவை.

முதலில் உயரம். பாடியின் மேற்பரப்பிலிருந்து கம்பிவரை பிரிட்ஜ் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு? ஃபெண்டர் முறையில் நெக் சாயாமல் பாடிக்கு இணையாகப் போகும். 25 மில்லிமீட்டர் தடித்த அடிப்பகுதி 16 மில்லிமீட்டர் ஆழக் குழியில் உட்கார்ந்து, மிச்சம் மேலே நிற்கும். ஸ்ட்ராட் பிரிட்ஜின் உயரம் அதற்கு ஒத்துப்போகிறது. கிப்ஸன் பாணி ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் அதைவிட உயரம். பிக்ஸ்பியோடு அதை வைக்க நினைத்தால் நெக்கை மூன்று நான்கு டிகிரி பின்னால் சாய்த்தே ஆக வேண்டும். நெக் குழியை வெட்டியபின் "அடடா, பிரிட்ஜ் உயரம்" என்று நினைவு வந்து பயனில்லை.

அடுத்து ஆழம். ஸ்ட்ராட் பாடி ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் தடிமன். பழைய அளவு எஃகுக் கட்டி தட்டுக்குக் கீழே 40 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். 40 மில்லிமீட்டர் பலகையில் பாடி செய்தால் அந்தக் கட்டி முதுகுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். குட்டையான கட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. ஃப்ளாயிட் ரோஸிலும் 32, 37, 42 என்று உண்டு. பலகையை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதற்கேற்ற கட்டி, கட்டியை வாங்கிவிட்டீர்கள் என்றால் அதற்கேற்ற பலகை.

பிறகு அகலம். முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே பழைய ஃபெண்டர் பிரிட்ஜில் 56 மில்லிமீட்டர், புதியவற்றில் பெரும்பாலும் 52.5. மெலிந்த நெக்கில் அகலமான பிரிட்ஜை வைத்தால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பி விளிம்பைத் தாண்டி வழுக்கும். விரல்பலகையின் வளைவையும் பாருங்கள். ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு சேடிலையும் தனியாக உயர்த்தலாம். ஃப்ளாயிட் ரோஸின் சேடில்கள் ஏறக்குறைய 12 அங்குல ஆர வளைவுக்கென்று உயரம் தீர்மானிக்கப்பட்டு வருகின்றன. 7¼ அங்குலப் பழைய வளைவோடு அது ஒட்டாது.

எல்லாவற்றிலும் தவறு நடக்கிற இடம் ஸ்கேல் கோடு. நட்டிலிருந்து 648 மில்லிமீட்டர் அளந்து அங்கேயே தூணுக்குத் துளை போட்டுவிடுகிறார்கள். 648 என்பது கம்பி சேடிலில் அமரும் இடம். தூண் அதற்கு முன்னால், நெக் பக்கம் வரும். சேடில்களை ஏறக்குறைய முழுக்க முன்னால் தள்ளி வைத்து, முதல் கம்பியின் சேடிலை ஸ்கேல் கோட்டில் நிறுத்தி, அப்போது தூண் எங்கே விழுகிறதோ அங்கே குறியுங்கள். தடித்த கம்பிகள் ஸ்வரம் சரியாகப் பேச இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும், அதற்கு இடம் மிச்சம் இருக்கும்.

தூண் விழும் மரம் கெட்டியாக இருக்க வேண்டும். மேலே கம்பியும் அடியில் ஸ்பிரிங்கும் எதிரெதிராகச் சாய்க்கின்றன என்றாலும், இழுப்பது இரண்டுமே நெக் பக்கம்தான். இரண்டின் பாரமும் சேர்ந்து அந்தத் தூண்களின் மேல் விழுகிறது. மென்மையான மரத்தில் துளை நாளடைவில் நீள்வட்டமாகி, தூண் முன்னால் சாயும். அப்படிப்பட்ட மரம் என்றால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கெட்டி மரத் துண்டைப் பதித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் இன்னொரு துளையும் நினைவிருக்கட்டும். கம்பிகளை எர்த்தோடு சேர்க்கும் ஒயர், ஸ்பிரிங்குகளின் மறுமுனையை மரத்தோடு பிடித்திருக்கும் கொக்கிக்கோ தூணுக்கோ போய்ச் சேர வேண்டும். அது விட்டுப்போனால் ஆம்ப்ளிஃபயர் ஓயாமல் இரையும்.

சரி, எதை வாங்குவது?

உங்கள் கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்டுகளுக்கு ஒரு லேசான அலை போதும், மரத்தைக் குடைய மனமில்லை என்றால் பிக்ஸ்பி. பாரைப் பிடித்தபடியே வாசிப்பேன், தடித்த கம்பிதான் கட்டுவேன் என்றால் ஜாஸ்மாஸ்டர் வகை. ஆழமாக இறக்கி ஏற்றித் தள்ளுவேன், ஒரே சுருதியில்தான் வாசிப்பேன், கம்பி மாற்ற அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்றால் ஃப்ளாயிட் ரோஸ். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவர், உள்ளங்கையை அழுந்த ஊன்றி வாசிக்கிறவர், பாரைத் தொடுவதே எப்போதாவதுதான் என்கிறவர் அசையாத பிரிட்ஜோடு நிற்பதுதான் புத்திசாலித்தனம்.

இவற்றில் எதிலும் உறுதி இல்லை, இதுதான் முதல் கிடார் என்றால் நான் ஸ்ட்ராட் வகையைத்தான் சொல்வேன். ஒலி அழகு என்பதற்காக மட்டும் இல்லை, மனம் மாறினால் திரும்பி வர வழி இருப்பதற்காக. முதல் மாதங்களில் ஸ்பிரிங்கை இறுக்கி, தட்டைப் பாடியோடு ஒட்டவைத்து வாசியுங்கள். கை பழகியபின் ஸ்பிரிங் கொக்கியின் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, தட்டின் பின்விளிம்பு சுமார் 3 மில்லிமீட்டர் எழும்படி மிதக்கவிடுங்கள். சுருதி சேர்த்தால் தட்டு எழும், கொக்கியை இறுக்கினால் இறங்கும், மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். நாலைந்து சுற்றில் தராசு நின்றுவிடும். பாரே பிடிக்கவில்லையா? எஃகுக் கட்டிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டால் அசையாத பிரிட்ஜ் ஆகிவிடும். எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டுகளில் அப்படித்தான் அடைத்து வாசிக்கிறார். ஃப்ளாயிட் ரோஸுக்காகக் குடைந்த பாடியிலோ வெட்டிய நெக்கிலோ இந்தச் சலுகை கிடையாது. போன மரம் போனதுதான்.

அதனால் இந்த வரிசையில் போங்கள்: எப்படி வாசிக்கிறீர்கள் என்று யோசித்து விப்ராட்டோவை வாங்குங்கள், வெர்னியரால் அளந்து கிடாரின் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் காகிதத்தில் வரையுங்கள், அந்த வரைபடத்தில் கம்பி நட்டிலிருந்து சேடில்வரை தடையில்லாமல் போகிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். போகிறது என்றால் மரக்கடைக்குக் கிளம்பலாம். போகவில்லை என்றால் ரப்பரை எடுங்கள். காகிதத்தில் அழிப்பதற்குக் காசு கிடையாது.